இறக்கத்தில் எட்டேகால்

2007 டிசம்பர் 30, ஞாயிறு

நான் கேட் காவல் பார்க்கும் இந்த மலை பங்களாவின் முதலாளி இன்று எனக்கு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தார். கெட்டி அட்டை போட்ட நோட்டு.

"பெரியவரே, எழுதப் படிக்கக் கத்துக்கிட்டீங்களாமே! இனிமே நம்ம வண்டி கேட்டைத் தாண்டுறப்பல்லாம் மீட்டர்ல என்ன கிலோமீட்டர்னு பாத்து இதுல எழுதுங்க. டீசல் போட்டா பில்லைப் பாத்து லிட்டரை எழுதுங்க" என்றார்.

என் அறுபத்தாறு வயதில் ஒருவர் என்னை "எழுதுங்க" என்று கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளியும் சிரித்தார். நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 11 என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டார். ஒரு லிட்டருக்கு வண்டி பதினொன்று ஓடும் என்று ஷோரூமில் சொன்னார்களாம்.

அது கேட் நோட்டு. இது என் நோட்டு. அட்டுவம்பட்டி மாலை வகுப்பில் லீலா டீச்சர் தந்தது. தினம் நாலு வரியாவது எழுதாவிட்டால் மறந்துபோகும் என்று சொன்னார். இந்தப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஜனவரி 4, வெள்ளி

காலை 9.20. டேங்க் முழுக்க டீசல். மீட்டரைப் பார்த்து எழுதினேன். ஐந்து எண்களும் கோட்டின் மேல் நேராக உட்கார்ந்திருக்கின்றன!

ஜனவரி 7, திங்கள்

கிலோமீட்டர் மட்டும் எழுதினால் பக்கத்தில் பாதி காலியாகக் கிடக்கிறது. அதனால் நான் பார்ப்பதை எல்லாம் எழுதுகிறேன். எத்தனை மணிக்கு வண்டி உறுமத் தொடங்கியது, எத்தனை மணிக்குக் கேட்டைத் தாண்டியது, மூடுபனி உண்டா, யார் உள்ளே. மதன் பார்த்துவிட்டு, "மாமா, கிலோமீட்டர் கேட்டா கதையே எழுதிவச்சிருக்கீங்களே" என்று கேலி செய்தான்.

மதன் என் மருமகன். இந்தக் கறுப்பு வண்டிக்கு அவன்தான் டிரைவர். முதலாளிக்குத் திண்டுக்கல்லில் மில். வெள்ளிக்கிழமை மதன் காலி வண்டியைக் கீழே கொண்டுபோய் முதலாளியையும் அவர் மனைவி தமயந்தி அம்மாவையும் ஏற்றி வருவான். திங்கள் காலை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவான். வண்டி ஒரு சின்ன வீடு அளவு இருக்கும். மலை ஏறும்போது இருமாது, திணறாது.

ஜனவரி 11, வெள்ளி

400 கிலோமீட்டர். 64 லிட்டர். வகுத்தல் எனக்கு இன்னும் வராது. பெருமாள்மலைக்கு பஸ்ஸில் போய் மகள் கலைமணியிடம் கொடுத்தேன். நிமிடத்தில் போட்டாள். ஆறேகால்.

எனக்குச் சந்தோஷம். நான் எழுதிய எண்ணிலிருந்து இன்னொரு எண் பிறந்தது! மதனிடம் காட்டினேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

ஜனவரி 13, ஞாயிறு

இன்று நடந்ததை எழுத வேண்டுமா? எழுதுகிறேன்.

முதலாளி போர்டிகோவில் நின்றுகொண்டே நோட்டைப் பார்த்தார். கிலோமீட்டரையும் லிட்டரையும் மட்டும் பார்த்தார். மதனைக் கூப்பிட்டார்.

"நானூறு கிலோமீட்டருக்கு முப்பத்தாறு லிட்டரு போதும். அறுபத்திநாலு போட்டிருக்க. இருபத்தெட்டு லிட்டர வண்டி குடிச்சுச்சா, இல்ல வேற யாரும் குடிக்கிறாங்களா?"

"மலை வண்டி சார். ஏத்தத்துல..."

"பேசாத. ஷோரூம்காரன் முட்டாளா? இன்னும் நாலு வாரம் பாப்பேன். பதினொண்ணு வரலேன்னா போலீஸ் ஸ்டேஷன்ல அவங்க கேட்டுக்கிடட்டும். எங்கிட்ட எழுத்துல இருக்கு."

எழுத்தில் இருக்கிறது. என் எழுத்தில்.

நான் பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். சாயங்காலம் அம்மா கொழுந்துக் கூடையோடு தராசு முன்னால் நிற்பாள். கணக்கப்பிள்ளை பேனாவைத் தூக்குவார். எடை குறைந்தால் அரைப்பேர் என்று எழுதுவார், அன்றைக்குப் பாதிச் சம்பளம். மழையில் கொழுந்து கிடைக்கவில்லை என்று எழுத அந்தப் புத்தகத்தில் இடம் கிடையாது. அம்மா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இப்போது அந்தப் பேனா என் கையில்.

ஜனவரி 14, திங்கள்

நோட்டைத் தொடப் பயம். தொட்டேன். எழுதினேன். 64ஐ 44 ஆக்கிவிடலாமா? பில் இருக்கிறதே. பில் இல்லாவிட்டால் மாற்றியிருப்பேனா? தெரியாது.

ஜனவரி 15, பொங்கல்

கலைமணி வீட்டில் சாப்பாடு. மதன் சரியாகச் சாப்பிடவில்லை.

"ரெண்டரை டன்னு மாமா. ஏழு பேரு உக்கார்ற வண்டி. ஷோரூம்ல சொல்ற பதினொண்ணு, மட்டமான ரோட்டுல ஏசி போடாம ஒத்த ஆளு ஓட்டிப் பாத்தது. நம்ம மலையில பாதி தூரம் ஏத்தம். எவன் ஓட்டினாலும் ஆறுதான்."

"அதை அவருகிட்ட சொல்றதுதான மாப்பிள்ள?"

"திருடன் சொன்னா யாரு கேப்பா?"

பிறகு அவனாகவே, "விடுங்க. நான் ஏத்திக் காட்டுறேன்" என்றான்.

ஜனவரி 18, வெள்ளி

399 கிலோமீட்டர். 57 லிட்டர். ஏழு! கொஞ்சம் மூச்சு விட்டேன்.

ஜனவரி 25, வெள்ளி

இன்று எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

காலையில் பங்க்கிலிருந்து வந்த பில்லில் 48 லிட்டர். ஓடியது 396. மதனே கணக்குப் போட்டு வைத்திருந்தான், எட்டேகால். நான் துள்ளிவிட்டேன். "எப்படி மாப்பிள்ள?" என்று கேட்டேன். "ஏறுங்க மாமா, வீட்டுல எறக்கி விடுறேன். எப்படின்னு காட்டுறேன்" என்றான்.

அந்த வண்டியில் அதுவரை நான் ஏறியதில்லை. உட்கார்ந்ததும் மெத்தை என்னை உள்ளே இழுத்துக்கொண்டது. ஊர் எல்லை தாண்டி இறக்கம் தொடங்கியது. மதன் கியர் லீவரைத் தட்டினான். அவ்வளவுதான், உறுமல் நின்றுவிட்டது. டயர் தேய்கிற சத்தமும் காற்றும் மட்டும். ஏதோ கயிறு அறுந்த மாதிரி இருந்தது.

"நியூட்ரல் மாமா. எஞ்சின் சும்மா இருக்கு. வண்டி அதுபாட்டுக்குப் போகுது. டீசல் செலவே இல்ல."

போகுது. ஆமாம், போனது. அவன் மிதிக்கவே இல்லை, வேக முள் நாற்பதில் இருந்து ஐம்பதுக்கு வந்தது. ஐம்பத்தைந்து. வெள்ளி அருவி வளைவில் ஜனங்கள் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து எதிரே பஸ் ஏறி வருகிறது. மதன் பிரேக்கை மிதித்தான். வண்டி அடங்கியது, ஆனால் உடனே அடங்கவில்லை. ஒரு சின்னப் பெண் குழந்தை, சிவப்புக் குல்லாய், கையில் மக்காச்சோளம். அதை அதன் அம்மா இழுத்துக்கொண்டாள். அந்தக் குல்லாய் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு நாற்றம். ரப்பர் கருகுகிற மாதிரி, பிரேக்கிலிருந்து. எனக்கு அடித்தது என்றால் அவனுக்கும் அடித்திருக்கும்.

பெருமாள்மலையில் இறங்கி முன் சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அனல். அடுப்பு வாய் மாதிரி.

"மொதலாளி உள்ள இருக்கிறப்பவுமா இப்படி?"

"அவங்க ரெண்டு பேரும் பின்னாடி தூங்கிருவாங்க. பெருமாள்மலை தாண்டுறதுக்குள்ள கொறட்டை."

"வேணாம் மாப்பிள்ள. சொன்னாக் கேளு. இது நம்மள கொன்னுபுடும்."

"அப்ப ஸ்டேஷனுக்குப் போகட்டுமா? நீங்கதான எழுதுறீங்க. ஒங்க நோட்டுதான என்னைய எட்டு குடு, ஒம்பது குடுன்னு கேக்குது."

போய்விட்டான். பெருமாள்மலைக்குக் கீழேதான் பெரிய இறக்கம்.

ஜனவரி 27, ஞாயிறு

முதலாளி நோட்டைப் பார்த்து என் தோளில் தட்டினார். "பாத்தீங்களா பெரியவரே, நோட்டுப் போட்டதும் திருட்டு நின்னுபோச்சு. ஆறேகால் எங்க, எட்டேகால் எங்க! இன்னும் கொஞ்சம் இறுக்குனா பதினொண்ணு வந்துரும்."

எனக்கு ஒரு கம்பளிக் குல்லாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ஐயோ, ஏன் வாங்கினேன்?

மதன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. பதினொன்று வரும்வரை அவன் என்ன செய்வான்? அந்த இறக்கத்தில் எஞ்சினையே நிறுத்திவிடுவானோ?

ஜனவரி 28, திங்கள்

6.40 கேட் தாண்டியது. உள்ளே மூன்று பேர். கண்ணாடி வழியாக அம்மா கையசைத்தார்கள்.

7.15. இப்போது பெருமாள்மலை தாண்டியிருக்கும்.

7.40. ஒன்றும் தெரியவில்லை. கேட் ரூமில் போன் இருக்கிறது. அடித்தால் என்ன செய்தி? அடிக்காவிட்டால்?

8.30. டீ ஆறிவிட்டது.

9.05. அடித்தது. எடுக்கப் பயமாக இருந்தது. ஆறு தடவை அடித்த பிறகு எடுத்தேன். மதன்தான். "மலை எறங்கி வத்தலக்குண்டு வந்தாச்சு மாமா. என்ன, மூச்சு வாங்குது?"

பிப்ரவரி 1, வெள்ளி

396. 44 லிட்டர். ஒன்பது. என்னை ஏறச் சொன்னான், ஏறவில்லை. கெஞ்சினேன். "இன்னும் ரெண்டுதான் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிப்ரவரி 3, ஞாயிறு

வாயால் சொல்ல எனக்கு வராது. முதலாளி முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐம்பது வருடப் பழக்கம். அதனால் வெள்ளனே எழுந்து கேட் நோட்டில் எழுதினேன். ஒன்பதுக்குக் கீழே:

"இந்த ஒன்பது பொய் இல்லை. ஆனால் இறக்கத்தில் மதன் வண்டியை நியூட்ரலில் விடுகிறான். பிரேக் கருகுகிறது. நீங்கள் தூங்குகிறீர்கள். ஆறேகாலிலும் அவன் திருடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வீரையா."

எழுதி முடித்ததும் புரிந்தது. நானும் கணக்கப்பிள்ளை ஆகிவிட்டேன். என் மகள் வீட்டுச் சோற்றில் நானே கை வைத்தேன். கிழித்துவிடலாம் என்று ஓரத்தைப் பிடித்தேன். அந்தச் சிவப்புக் குல்லாய் ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன்.

முதலாளி அப்போதுதான் எழுந்திருந்தார். தமயந்தி அம்மாதான் நோட்டை வாங்கினார்கள். முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படித்தார்கள்.

"ஏங்க, இதைக் கேளுங்க. 'சனி. 7.10 வண்டி உறுமுது. முதலாளி குளிக்கிறார். 7.55 கேட் தாண்டியது.' அடுத்தது, 'ஞாயிறு. ஏரிக்குப் போகிறார்கள். 4.00 உறுமுது. அம்மா சேலை மாற்றுகிறார். 4.40 தாண்டியது.' நாப்பது நிமிஷம் வண்டி சும்மா நின்னு யாருக்கு சூடு ஏத்துச்சாம்?" அவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நாமதான் ஹீட்டர் போட்டு வையின்னு சொல்றது. நின்ன எடத்துல குடிச்சா கிலோமீட்டர் எங்கிட்டு ஓடும்?"

முதலாளி சிரிக்கவில்லை. அம்மா பக்கத்தைத் திருப்பினார்கள். கடைசி வரிகளுக்கு வந்ததும் குரல் இறங்கியது. ஆனாலும் நோட்டை மூடவில்லை.

"நாம தூங்கிட்டுத்தான வந்தோம்?" என்றார்கள்.

முதலாளி வண்டியருகே நின்ற மதனைப் பார்த்துக் கத்தினார். "எவன்டா ஒன்னைய நியூட்ரல்ல விடச் சொன்னது?"

மதன் நிமிர்ந்து பார்த்தான். "நீங்க வட்டம் போட்ட பதினொண்ணு சார்."

முதலாளி நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மதன் என்னைத் தாண்டிப் போகும்போது, "காட்டிக் குடுத்துட்டீங்களே மாமா" என்றான். அவ்வளவுதான்.

பிப்ரவரி 4, திங்கள்

6.45. முதலாளி முன் சீட்டில் உட்கார்ந்தார். மடியில் நோட்டு. அம்மா பெல்ட் போட்டுக்கொண்டார்கள். வண்டி இன்று உறுமிக்கொண்டு நிற்கவில்லை, ஏறியதும் கிளம்பிவிட்டது.

போன் வரவில்லை. மதியம் வரைக்கும் வரவில்லை. மதனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டால் வண்டி எப்படித் திரும்பும்? வேறு ஒரு டிரைவர் ஓட்டிக்கொண்டு வருவான். நான் அவனுக்குக் கேட்டைத் திறந்துவிடுவேன்.

4.10. வண்டி வந்தது. உள்ளே மதன். கண்ணாடியை இறக்கி நோட்டை நீட்டினான். முகத்தைப் பார்க்கவில்லை.

திறந்து பார்த்தேன். முதலாளியின் கையெழுத்து, கிறுக்கல். இரண்டு தடவை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். "வத்தலக்குண்டு வரை இரண்டாம் கியர். நானும் கூட இருந்தேன்." கீழே கையெழுத்து.

முதல் பக்கத்தைத் திருப்பினேன். 11இன் மேல் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் வேறு எண் எதுவும் இல்லை.

பிப்ரவரி 6, புதன்

மதன் இன்னும் பேசவில்லை. கேட்டில் மீட்டரை நானே எட்டிப் பார்த்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 8, வெள்ளி

391 கிலோமீட்டர். 68 லிட்டர். பங்க்கிலிருந்து திரும்பிய மதன் கேட்டில் வண்டியை நிறுத்தி இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டான். ஏறினேன்.

இறக்கம் தொடங்கியதும் லீவரை இரண்டு என்று போட்டிருக்கும் இடத்துக்கு இழுத்தான். வண்டி ஏதோ மலை ஏறுகிற மாதிரி கத்தத் தொடங்கியது; எஞ்சினே வண்டியை ஓடவிடாமல் பிடித்துக்கொண்டது. வெள்ளி அருவியில் நின்ற ஜனங்கள் சத்தம் கேட்டுத் தாமாகவே ஒதுங்கினார்கள். முள் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. பின்னால் வந்த ஜீப்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனான்.

பாதி வழியில் மதன் வாயைத் திறந்தான். "காது வலிக்குதா மாமா?"

"இல்ல மாப்பிள்ள. நல்லாயிருக்கு."

பெருமாள்மலையில் இறங்கி முன் சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அவனும் வந்து பக்கத்தில் குனிந்தான். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

கலைமணி பில்லின் பின்பக்கத்திலேயே வகுத்தாள். ஐந்தேமுக்கால்.

"கொறஞ்சு போச்சேப்பா" என்றாள்.

"ஆமா, நல்லாக் கொறஞ்சிருக்கு" என்றேன். இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னேன்.