விளிம்பில் மட்டும் இழுக்கிறது

வில்லியனூர், 6 மே 1975
ஆதிமூலத்தின் மகள் அமுதத்துக்குச் சீர்ப் பாத்திரம் முழுவதும் என் கடை எவர்சில்வர். வழக்கம்போல் ஒவ்வொன்றின் அடியிலும் காந்தத்தை வைத்துக் காட்டித்தான் விற்றேன். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அசல். இந்தச் சோதனையை ஊருக்கே பழக்கினவன் நான்.

11 மே
போச்சு. கரையாம்புத்தூரில் சீர் பரப்பிய இடத்தில், மாப்பிள்ளையின் அம்மா ஆண்டாள் காந்தத்தை நூலில் கட்டிக் குடத்தின் கழுத்தருகே தொங்கவிட்டாளாம். அது சாய்ந்துபோய்த் தொட்டதாம். ஆதிமூலம் கடை வாசலில் நின்று கத்தினான்: "இன்னா பாய், தகரத்த என் தலைல கட்டிட்டியே! கல்யாணமே நின்னுடும் போலக்குது!"

12 மே
கடையில் இருந்ததையெல்லாம் சோதித்தாச்சு. அடியில் இழுப்பே இல்லை. கழுத்திலும் விளிம்பிலும் மட்டும் லேசாக. இரும்பென்றால் லபக்கென்று பிடிக்கணுமே! ஒரே குடத்தில் பாதி அசல், பாதி போலியா? மொத்த வியாபாரி ஏமாற்றிவிட்டானா? என் வீட்டுக்காரி கைருன்னிசா, "அந்தக் காந்தத்தக் கெணத்துல போடுங்க மொதல்ல" என்கிறாள்.

13 மே
ஈ ஓட்டுகிறேன்.

14 மே
பாண்டிக்குப் போய்ப் பட்டறையில் அடிபடாத எவர்சில்வர் தகடு ஒரு துண்டு வாங்கிவந்தேன். நூலில் தொங்கவிட்ட காந்தம் அசையவில்லை. சுத்தியலால் ஓரத்தை அடித்து மடக்கி, மறுபடி நூலைப் பிடித்தேன் — சாய்ந்தது! அடிபட்டு வளைந்த இடம்தான் இழுக்கிறது. குடத்தின் கழுத்தும் விளிம்பும் அப்படி அடித்து வளைத்தவைதானே. ஏன்? எனக்குத் தெரியாது. தகடு அசல், அது தெரியும். இத்தனை நாள் அடியை மட்டும் காட்டியே விற்றிருக்கிறேனே, மடையன்.

16 மே
கரையாம்புத்தூரில் எல்லார் கண்முன்னும் தகட்டை அடித்துக் காட்டினேன். ஆண்கள் தலையாட்டினார்கள். ஆண்டாள் மட்டும், "சரி பாய், அசலாவே இருக்கட்டும். ஊரு சிரிச்சது சிரிச்சதுதானே? அதுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தரச் சொல்லு" என்றாள். அடிப்பாவி! இதுக்கா இத்தனை பாடு?

18 மே
ஆதிமூலம் வந்தான். கத்தவில்லை. ஸ்கூட்டருக்காக நிலத்தை விற்க இருந்தானாம். "அமுதம் வுடல பாய். 'பொருளு நல்லதுன்னு ஆயிடுச்சில்ல? அப்புறம் அபராதம் எதுக்கு? சீர எடுத்தாந்துடு'ன்னுட்டா."
கல்யாணம் நின்றுவிட்டது. நான் போய் நிரூபிக்காமல் இருந்திருந்தால், ஸ்கூட்டரைக் கொடுத்தாவது நடந்திருக்குமோ? நடந்திருந்தால் நல்லதா? இருப்புக்கொள்ளவில்லை.

4 ஜூன்
குறித்திருந்த முகூர்த்த நாள். அமுதம் கடைக்கு வந்தாள். டவுனில் தையல் வேலை கிடைத்திருக்கிறதாம், டிபன் கேரியர் வேண்டுமாம். பழக்கத்தில் காந்தத்தை எடுத்தேன்.
"அத்த உள்ள வைங்க பாய். கொழம்பு ஒழுகுமா ஒழுகாதா, அத்த காட்டுங்க."
தண்ணீர் ஊற்றி ஆட்டிக் காட்டினேன். வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.