புதிது என்று எடுத்து வைத்த பூட்ஸ்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், மனசைக் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் நலந்தானே, குழந்தைக்குச் சளி விட்டதா? நீ மூன்று முறை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, வாயால் சொல்ல வராமல்தான் எழுதுகிறேன். எதிர்வீட்டுத் தையற்காரர் போய்விட்டார் அம்மா. உன் பள்ளிச் சீருடையெல்லாம் தைத்தாரே, அவர்தான். ஞாயிறு தவறாமல் கதவைத் தட்டி எங்களையெல்லாம் வாய்க்காலைச் சுத்தம் செய்யக் கூட்டிப்போவார். என் சர்க்கரைக் காலுக்கென்று நீ ரப்பர் பூட்ஸ் அனுப்பியிருந்தாய் அல்லவா, போன மாதம் ஒரு ஞாயிறு அதைப் பெட்டியோடு பரணில் வைத்துவிட்டு வெறுங்காலோடு போனேன். புதிது, சேறு பட்டால் பாழாகுமே என்ற கஞ்சப்புத்தி. தையற்காரர் என் காலைப் பார்த்துவிட்டு, சர்க்கரை இருக்கிறவங்க இப்படி இறங்கலாமா, இதைப் போட்டுக்குங்க என்று தன் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தார். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டேன். பாலத்தருகே மழைநீர்க் குழாய் வந்து விழும் இடத்தில் சேற்றை வாரும்போது உடைந்த பாட்டில் அவர் உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மறுபடி மண்வெட்டியை எடுத்தார். சாக்கடை புண்ணில் இறங்கி, ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தது.

இதோடு போகவில்லை. மழைநீர்க் குழாயில் சாக்கடை எப்படி வந்தது என்று நீ கேட்பாய். தெருவில் பாதாளச் சாக்கடை இல்லாத காலத்தில் பதினொரு வீட்டுக் கக்கூஸ் குழாயை அதில் கொண்டுபோய்ச் சேர்த்த பிளம்பர் உன் அப்பன்தான். முதல் வீடு நம்முடையது. கழிவுத் தொட்டி கட்ட இடமில்லை, ஒரு மழை வந்தால் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னதும் நான்தான். இப்போதுதான் நகராட்சி பாதாளச் சாக்கடைக்குக் குழாய் பதிக்கிறது. போன வாரம் இன்ஜினியரம்மா, கக்கூஸ் தண்ணீர் எங்கே போகிறது என்று வீடு வீடாக விசாரித்தபோது, தரையை உடைக்க வேண்டிவருமே என்று எல்லாரும், எங்க வீட்டுல தொட்டி இருக்கு என்று வாய் கூசாமல் சொன்னார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த அந்தக் கூட்டத்தில் நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். தையற்காரர் மனைவி மட்டும், எங்க வீட்டுல தொட்டி கிடையாது, முதல்ல எங்க தரையை உடைங்க என்றார். எனக்குத் தூக்குப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று கண்டுபிடிக்க இன்ஜினியரம்மா கையில் வைத்திருந்த சிவப்புச் சாயப்பொடியை வாங்கி, எல்லாரும் பார்க்க நம் வீட்டுக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். பாலத்துக்குப் போய்ப் பார்த்தால், தையற்காரர் நின்ற அதே இடத்தில் சிவப்பாக விழுந்துகொண்டிருக்கிறது. பதினொரு வீட்டையும் நானே சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை, கடைக்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நம் வீட்டைத்தான் முதலில் உடைத்தார்கள், கொல்லைப்பக்கம் முழுக்க மண்மேடு. உன் அம்மா தேவைக்கு மட்டும் பேசுகிறாள். நேற்று தையற்காரர் பூட்ஸைக் கழுவி, நீ அனுப்பிய புதியதையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்த அம்மா அவருடையதை மட்டும் வாங்கிக்கொண்டு, அது உங்க மக உங்களுக்கு அனுப்பினது, போட்டுக்கிட்டு வாய்க்கால்ல இறங்குங்க, இன்னும் பத்து வீட்டுச் சாக்கடை விழுந்துக்கிட்டுதான் இருக்கு என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இன்று ஞாயிறு. அவர் பூட்ஸில் பழந்துணியை அடைத்து மாட்டிக்கொண்டு அந்த அம்மாவும் வாய்க்காலுக்கு வந்தார். என் பக்கத்தில்தான் நின்று சேறு வாரினார்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். குழந்தையை வெறுங்காலோடு விடாதே. லீவில் வரும்போது பெட்டியோடு நேராக நம் வீட்டுக்கு வந்துவிடாதே அம்மா, முதலில் எதிர்வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டு வா. நான் வாசலில் காத்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா