கை திக்கிய நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

மருத்துவமனையில் காலையிலேயே மூன்று பேர். மூவருக்கும் காது கேட்காது. டாக்டர் வாயால் சொல்வதை நான் கையால் சொல்ல வேண்டும். அவர்கள் கையால் சொல்வதை வாயால். பதினேழு வருடமாக இதுதான் பிழைப்பு.

கடைசியாக, இடுப்பில் காய்ச்சல் குழந்தையோடு ஒரு பெண். மருந்து அரை மூடி என்று காட்டினேன். அவள் சந்தேகப்பட்டுத் தாளில் எழுதினாள்: 'மூணு மூடியா?'

கை நடுங்கியிருக்கிறது. அவள் மட்டும் எழுதிக் கேட்காமல் போயிருந்தால்?

மார்ச் 5

அவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அச்சகத்தில் வேலை. அந்த இரைச்சலில் தலைவலி வராத ஒரே ஆள் என்று முதலாளி கேலி செய்வார். வீட்டில் எங்கள் பேச்செல்லாம் கைதான்.

"ஒரு வருஷமாவே உன் கை திக்குது. சொன்னா நீ வருத்தப்படுவேன்னு விட்டுட்டேன்" என்று காட்டினார்.

ஒரு வருடமாக என் பாதிப் பேச்சை ஊகித்தே குடும்பம் நடத்தியிருக்கிறார் மனுஷன்!

மார்ச் 19, புதன்

நரம்பியல் டாக்டரம்மா பார்த்தார். மடியில் வைத்தால் கை சாது, தூக்கினால் ஆட்டம். "பார்க்கின்சன் இல்லம்மா, வேற வகை நடுக்கம். பயப்படாதீங்க." மாத்திரை எழுதினார். வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டேன்.

மே 6, செவ்வாய்

மாத்திரையால் தூக்கம் வந்ததுதான் மிச்சம். இன்று மூளை அலையைப் பதிவு செய்யும் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருப்பவரை எல்லாரும் 'அலைக்காரர்' என்கிறார்கள். தலையில் கம்பிகள் தொங்கும் தொப்பி மாட்டினார், முன்கையில் இரண்டு பட்டைகள். கையை நீட்டச் சொன்னார். கணினி எதையெதையோ வடிகட்டிய பிறகு, திரையில் மேலே மூளையின் அலை, கீழே கைத்தசையின் அலை.

"ரெண்டும் ஜோடி போட்டுப் போகுது பாருங்க. செகண்டுக்கு ஆறு தடவை."

"அப்ப இந்தக் கை என்ன தப்பு பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. உள்ள ஒரு கூட்டம் செல்லுங்க ஒரே தாளத்துல தட்டுது. எது எதை ஆட்டுதுன்னு எங்களுக்கே முழுசா தெரியாது. ஆனா கை மேல பழி போடாதீங்க."

எத்தனை நாள் இந்தக் கையை நானே அடித்திருக்கிறேன்! அங்கேயே அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். நிம்மதியில் அழுகிறேன் என்று எப்படிச் சொல்ல?

ஜூன் 11, புதன்

நாளை ஆபரேஷன். மூளைக்குள் கம்பி வைத்து, மின்சாரத்தால் அந்தத் தாளத்தை அடக்கப் போகிறார்களாம். தலையை மழித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் தடவிப் பார்த்து, "நல்ல உருண்டை" என்றார். கொலை விழும் என்றேன். பயமா இருக்கு – ரொம்ப.

ஜூன் 15, ஞாயிறு

இன்றுதான் எழுத முடிகிறது. மரத்துப்போக ஊசி போட்டார்கள், அவ்வளவுதான். நான் முழித்தே இருந்தேன். மெல்லிய கம்பி உள்ளே இறங்க இறங்க, ஒலிபெருக்கியில் என் மூளையின் சத்தம். முதலில் சரசர. திடீரென்று தடதடவென்று தாளம் பிடித்தது.

"இதோ, இவங்கதான்!" என்றார் அலைக்காரர்.

கையைத் தூக்கினேன். சத்தமும் கையும் ஒன்றாக ஆடின. அந்த இடத்தில் மின்சாரம் விட்டார்கள்.

நின்றுவிட்டது.

வழக்கமாகக் கோப்பையைப் பிடிக்கச் சொல்வார்களாம். நான், "பேசிப் பாக்கவா?" என்றேன். டாக்டரம்மா என் வீட்டுக்காரரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டிவரச் சொன்னார். "சாப்பிட்டீங்களா?" என்று காட்டினேன். ஒரு பிசிறு இல்லை.

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். இரண்டு கையும் முகத்தில் இருந்தால் மனுஷன் எதைக்கொண்டு பதில் சொல்வார்?

ஜூலை 10, வியாழன்

ஆபரேஷனில் நெஞ்சுத் தோலுக்கடியில் வைத்த சின்னப் பெட்டிதான் மூளைக்கு மின்சாரம் அனுப்புகிறது. கூட்டினால் கை அடங்குகிறது, நாக்கு குழறுகிறது. குறைத்தால் நாக்கு சரி, கை பழையபடி. எனக்கு இரண்டும் வேண்டுமே! நாலாவது தடவையாக இன்று போனேன். முகம் சுளிக்காமல் துளித்துளியாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார் அலைக்காரர்.

"போதும், இங்கயே நிறுத்துங்க."

"கொஞ்சம் நடுக்கம் மிச்சம் இருக்கேம்மா."

"இருந்துட்டுப் போகட்டும்."

இவர்களுக்கெல்லாம் நான் என்ன கைம்மாறு செய்துவிடப் போகிறேன்? நன்றி என்றேன், வாயாலும் கையாலும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மறுபடி வேலை. ஐந்து பேர். யாரும் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று சண்டை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் துணி அலமாரியை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். பிடிபிடியென்று பிடித்தேன், இரண்டு கையாலும். அவரும் விடவில்லை. "அந்த ஓட்டை அலமாரிக்கா இவ்வளவு ஆட்டம்?" நோய் வந்ததிலிருந்து பாவம் பார்த்து என்னோடு சண்டையே போடாதவர்!

கடைசியில் தாங்க முடியாமல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். எங்கள் வீட்டில் அதுதான் காதைப் பொத்துவது.

தோளைத் தட்டினேன். திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். சிரிப்பு வந்தது, ஆனாலும் சொல்ல இன்னும் நிறைய பாக்கி இருந்தது.