நீ பூட்டிய பித்தளைக் கால்கள்

என் முன்கோபக்கார, பாசக்கார அண்ணன் முனுசாமிக்கு,

உன் கம்ப்யூட்டர் ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்ற எதையும் நீ காதில் வாங்கமாட்டாய். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அது ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பதில்தான் உன்னோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

ஹைவேயில் லாரி உன்னை இடித்த அன்றைக்கு அந்தப் பெட்டி மூடி பூட்டி, மேலே உன் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு நடு அறையில் உட்கார்ந்திருந்தது. சென்னையில் உதிரி உதிரியாக வாங்கிவந்து, கடைக்காரர் போட்டுக் கொடுத்த படத்தைப் பார்த்து நீயே பூட்டியது. மானிட்டர் மட்டும்தான் வரவேண்டியிருந்தது. அது வந்ததும் சுமதி அண்ணி டைப்பிங் வேலை எடுப்பாள், ஒரகடம் வரைக்கும் வரப்போகிற கம்பெனிக்காரனெல்லாம் பிள்ளைப்பாக்கத்தில் நம் வீட்டு வாசலுக்கு வருவான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். மானிட்டர் வந்தது. நீதான் இல்லை.

அம்மாவும், அம்மாவின் தம்பி நம் மாமாவும் நல்ல நாள் பார்த்தார்கள். எனக்கு அன்றைக்கு ஷிப்ட், வாழ்க்கைப்பட்ட மண்ணூரிலிருந்து வர முடியவில்லை. சூடம் காட்டினார்களாம், தேங்காய் உடைத்தார்களாம். சுவிட்சை யார் போடுவது என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றபோது, டைப்பிங் தெரிந்தவள் தானே என்று அண்ணி போய் அமுக்கியிருக்கிறாள். டிக் என்று ஒரு சத்தம். பின்னாலிருந்த விசிறி ஒரு துடி துடித்து நின்றுவிட்டது. மறுபடி அமுக்கினாலும் அதேதான்.

"தாலி அறுத்தவ கை வெச்சா இன்னா ஆவும்? இதான் ஆவும்" என்றாராம் மாமா. எல்லோர் எதிரிலும். பெட்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அண்ணியைச் சிங்கப்பெருமாள் கோவிலில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்றும் அங்கேயே பேசி முடித்துவிட்டார். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் அண்ணியை ரொம்பச் சுட்டது. உன் வீட்டில் இருக்கத்தான் அவளுக்கு ஆசை. அதை வாய்விட்டுக் கேட்கிற ஆளா அவள்?

ஞாயிற்றுக்கிழமை டெஸ்டரும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு வந்தேன். மாமா சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது, அண்ணியை அனுப்புகிற நாளைக் குறிப்பதற்காக. அவர் வருவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

முதலில் பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. அதே பாயிண்டில் டேபிள் ஃபேனைப் போட்டோம், சுற்றியது. ஒயர் கெட்டிருக்குமோ என்று மானிட்டர் ஒயரைப் பிடுங்கி இதற்குப் போட்டுப் பார்த்தேன். அதே டிக், அதே துடிப்பு. அப்புறம் மூடியைக் கழற்றினேன். ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே போகிற ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபடி சுவிட்சைப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். பெரிய போர்டுக்குப் போகிற ஒயரைக் கழற்றியதும் விசிறி விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. விசிறி இருக்கிற அந்தக் கரண்ட் பெட்டி நன்றாகத்தான் இருந்தது. போர்டுப் பக்கம் ஏதோ ஒன்று கரண்ட்டைத் தின்கிறது, அதனால் கரண்ட் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடுகிறது. போர்டைக் கழற்றித் தூக்கினேன்.

அடியில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. போர்டைத் தாங்குவதற்குப் பளபளவென்று பித்தளைக் கால்கள். உன் இன்ஜின் கம்பெனி லேத்தில் நீயே கடைந்தவை. ஒவ்வொன்றுக்கும் அகலமாக ஒரு வாஷர். போர்டில் எத்தனை ஓட்டை உண்டோ அத்தனைக்கும் திருகு.

"கடைக்காரன் பிளாஸ்டிக் கால்தான் குட்த்தான். இவ்ளோ ஒஸ்தி போர்டு பிளாஸ்டிக்ல நின்னா ஆடிக்கினு இருக்கும்னு அவரே செஞ்சி எட்த்தாந்தாரு" என்றாள் அண்ணி.

ஓட்டையைக் காலியாக விட்டால் உங்கள் லைனில் சூப்பர்வைசர் தோலை உரித்துவிடுவார், எனக்குத் தெரியும். ஆனால் அது இன்ஜின், அண்ணா. இது போர்டு. அடியில் ஓடுகிற ஈயக்கோட்டின் மேல் உன் வாஷர் ஏறி உட்கார்ந்தால், போகக்கூடாத வழியில் கரண்ட் போகாமல் என்ன செய்யும்? போர்டு இரும்பில் படக்கூடாது என்பதற்காகத்தானே அவன் பிளாஸ்டிக் கொடுத்தான்? நாள் முழுக்கப் போர்டில் ஈயம் வைக்கிற தங்கச்சி பக்கத்து ஊரில் இருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

கடைக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் கால்கள் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தன. அவற்றை மாட்டி, போர்டை உட்காரவைத்து, ஒயரையெல்லாம் பழையபடி செருகி நானே சுவிட்சைப் போட்டேன். விசிறி நிற்காமல் சுற்றியது. பீப் என்று ஒரு சத்தம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. அண்ணி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு காதோரமாகச் சொன்னாள், "அவரு பண்ண தப்புன்னு அத்தைகிட்ட சொல்லிடாத கலா. அவங்களுக்கு அவரு எதுலயும் தப்பே பண்ணதில்ல. ஒயர் லூசுன்னு சொல்லிக்கலாம்." நானும் தலையாட்டினேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே வந்தார். ஓடுகிற திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாத்தியாக்கா? சுமங்கலி கை பட்டதும் எப்டி ஓடுது பாரு! நான் சொன்னப்ப யாராவது கேட்டீங்களா?" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, நான் ரிப்பேர் பண்ணியதே அவருக்குச் சாட்சியாகிவிட்டது. ஒயர் லூஸ் என்று சொன்னால் இனி யார் நம்புவார்கள்?

"மாமா, அப்டியே ஒக்காருங்க" என்றேன். பிளக்கைப் பிடுங்கி, போர்டை மறுபடி கழற்றி, முன்னே நீ வைத்திருந்த அதே இடத்தில் உன் பித்தளைக் கால் ஒன்றையும் வாஷரையும் வைத்து இறுக்கினேன். "வேணாம் கலா, எரிஞ்சிடப் போவுது" என்று அண்ணி என் கையைப் பிடித்தாள். எனக்கும் பயம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் என் சுமங்கலிக் கையாலேயே சுவிட்சைப் போட்டேன். டிக். ஒரு துடிப்பு. அவ்வளவுதான்.

"இப்ப இன்னா சொல்றீங்க மாமா? என் தாலி எங்க பூட்ச்சு?"

மாமா குனிந்து பிளக் செருகியிருக்கிறதா என்று பார்த்தார். அந்தக் காலை எடுத்தேன், பிளாஸ்டிக்கை மாட்டினேன். அப்புறம் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன், "ம்மா, இத பூட்னது உன் புள்ள. அவன் பண்ண தப்பு. அண்ணி கைல ஒண்ணும் இல்ல." போனவன் மேல் பழி போடுகிறோமே, அதுவும் பெற்றவள் எதிரில்.

அம்மா அந்தப் பித்தளைக் காலை வாங்கி உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். "கட்டில் கால் ஆட்னா கூட தூங்க மாட்டானே, பாவி" என்றாள். சிரித்தாள் அண்ணா. நீ போன பிறகு அம்மா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தம்பி பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"சுமதி, நீ வந்து போடுமா. உன் வூட்டு மிஷினு."

அண்ணி போட்டாள். ஓடியது. மாமா சாப்பிட்டுவிட்டுப் போனார், நாள் எதுவும் குறிக்கவில்லை. இந்த வாரம் பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு மொய் எழுதும் மேஜையில் ஒட்டுவதற்குப் பெயர் எழுதிய தாள் ஒன்றை அண்ணி அதில் டைப் செய்து, கடையில் அச்செடுத்துக் கொடுத்தாள். ஊரில் யாரும் அபசகுனம் என்று வாயைத் திறக்கவில்லை. உள்ளே நினைத்துக்கொண்டார்களோ என்னவோ, யார் கண்டது?

உனக்கு என் மேல் கோபம் வந்திருந்தால் வரட்டும். உன் பெயர் கெடுவதில் எனக்கு மட்டும் சந்தோஷமா? ஆனால் உனக்குக் கெட்டபெயரைத் தாங்கத் தெரியும், நீதான் போய்விட்டாயே. அவள் இங்கே இருந்தாக வேண்டும். அதனால் ஒன்று சத்தியம் செய்கிறேன். இனி எந்த ஊரில், எந்தக் கல்யாணத்தில், யார் கேட்டாலும் கூசாமல் சொல்வேன்: கம்ப்யூட்டரைக் கெடுத்தது எங்கள் அண்ணன், ஓட்டுவது எங்கள் அண்ணி.

உன்னைக் காட்டிக்கொடுத்த,
உன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
கலா