நைனா, நம் வீட்டில் மறுபடியும் களி

என் உயிரோடு ஒட்டிக் கிடக்கும் நைனாவுக்கு,

நல்ல சேதி ஏதாவது வரட்டும், அப்புறம் உனக்கு எழுதலாம் என்று இருந்தேன். வரவில்லை. பயம் தாங்காமல்தான் இப்போது எழுதுகிறேன். உன்னைக் கொண்டுபோன நோய் என்னையும் எட்டிப் பார்க்கிறது.

மாசியில் காலில் ஒரு முள் குத்தியது. புண் ஆறவே இல்லை. உனக்கும் இப்படித்தானே தொடங்கியது? அரிசி மண்டியில் மூட்டை இறக்கும்போது ஆணி குத்தியதென்று மஞ்சளை அப்பிக்கொண்டு திரிந்தாய். கட்டைவிரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. காலை எடுக்கும்போதுதான் சர்க்கரை வியாதி என்ற பேரே நம் வீட்டுக்குள் வந்தது. அதன் பிறகு ஒரு வருஷம்கூட நீ தாங்கவில்லை.

அந்த நினைப்பில்தான் செங்கம் ரோட்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து மறுபடியும் எடுத்தார்கள்.

“சக்கர வியாதின்னு இன்னும் சொல்ல முடியாதும்மா. ஆனா சரியாவும் இல்ல, நடுவுல நிக்கிற. சோத்த கம்மி பண்ணு. காப்பில சக்கர வேணாம். கேவுரு களி ஒரு உருண்ட, கீரை காய் ஜாஸ்தி. இப்பவே வாயக் கட்டுனா தள்ளிப் போடலாம்” என்றார்.

“கட்டலன்னா?” என்று கேட்டேன். அவர் என் காலைப் பார்த்தார்.

கேழ்வரகுக் களி என்றதும் உன் முகம்தான் கண்ணில் வந்தது. கீழ்பென்னாத்தூரில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் சோறு, மற்ற நாளெல்லாம் களி என்றிருந்த வீடு நம்முடையது. “எம் பொண்ணுங்க தெனம் நெல்லுச் சோறு துன்னணும்” என்றுதானே மானாவாரி நிலத்தை விட்டு இந்த ஊருக்கு மூட்டை தூக்க வந்தாய்?

என் மாமியார் சேதியைக் கேட்டுவிட்டு, “கண்ணாலத்துல போடாத சீர உங்கப்பன் இப்ப அனுப்பிட்டான்” என்றார். என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

நீ போன பிறகு எனக்குச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை கிடைத்தது. அண்டாவில் சோறு பொங்கும்போது ஆவி முகத்தில் அடிக்கும். வாயைக் கட்டியதிலிருந்து பசி குடலைப் பிடுங்கியது. ஒருநாள் கஞ்சி வடித்த கையோடு ஒரு பிடி சோற்றை அள்ளி வாயில் போட்டுவிட்டேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனசு வரவில்லை. சுவரைப் பார்த்து நின்று அழுதேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், நைனா. சின்னவளுக்கு இன்னும் தானாகத் தலை பின்னத் தெரியாது. இதுகளை யார் கையில் விட்டுப் போவேன்?

அடுத்த தெருவில் இருக்கும் அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. உன் திதியன்று அவள் வடை, பாயசம் எல்லாம் செய்து படைத்தாள். காக்கைக்கு வைத்துவிட்டு வந்து, என் இலையில் சோற்றைக் குவிக்கப் போனாள். கையால் மறித்தேன்.

“உங்க நைனாவுக்குப் படைச்ச சோறுடி. வேணாம்னு தள்ளுறியா?”

“எனக்கும் சக்கர வர்ற மாதிரி இருக்குதாம்மா. களி துன்னச் சொல்றாங்க.”

“களியா? அந்த மனுசன் இதுக்கா ஒடம்பக் குடுத்து ஒழைச்சாரு?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: “வர்றதுக்கு முன்னாடியே சொல்வாங்களா? உங்க நைனாவுக்கு ஏன்டி யாரும் சொல்லல? சொல்லியிருந்தா நானே கிண்டிப் போட்டிருப்பேனே. பசிக்குதுன்னு கேக்கறப்பல்லாம் சோத்தத்தானே போட்டேன்.”

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

மறுநாள் காலையில் களித் துடுப்போடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். மாமியாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக அடுப்படிக்குப் போனாள். கட்டி தட்டாமல் கிண்டி, ஒரே உருண்டை உருட்டி, முருங்கைக் கீரையோடு என் முன்னால் வைத்தாள். அன்றிலிருந்து தினமும் வருகிறாள்.

புண் ஆறிவிட்டது. ஆனால் ஆடியில் மறுபடி ரத்தம் பார்த்தபோது சர்க்கரை இறங்கியிருக்கவில்லை. இத்தனை நாள் பட்டினி கிடந்தது போல் கிடந்தேனே! அங்கேயே உட்கார்ந்து அழுதேன். “ஏறலையேம்மா. அத நெனச்சுப் பாரு” என்றார் டாக்டரம்மா. நினைத்துத்தான் பார்க்கிறேன். ஆனாலும் குளிக்கும்போது கால் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. களி கிண்டிக்கொண்டிருக்கும்போதே அம்மா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறாள். கேட்டால் “வெயிலுடி” என்கிறாள். வெளியே மழை பெய்கிறது, நைனா. ரத்தம் பார்க்கலாம் வா என்றால், ஊசிக்குப் பயந்து பேச்சை மாற்றுகிறாள்.

வருகிற திங்கட்கிழமை அவளை இழுத்துக்கொண்டாவது போவேன். உன்னைத் தெரியாமல் விட்டோம். அவளைத் தெரிந்தே விடமாட்டேன். சத்தியம்.

உன் மூத்த மகள்,
கஸ்தூரி