முப்பத்தொன்றாவது வரிசை

பிப்ரவரி 11

ஆறுமுகநேரி வயலில் முதல் பூ விரிந்தது. நாற்பத்தெட்டு வகைச் சூரியகாந்தி, வகைக்கு ஒரு வரிசை. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. உப்பளம் அவ்வளவு பக்கம். உப்பைத் தாங்கும் வகையைத் தேடும் என் ஆய்வுக்காகவே இந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன். கூடக்குறைய எல்லா வரிசைகளிலும் இலை விளிம்பு கருகிவிட்டது. முப்பத்தொன்றுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

அதன் வளர்த்தியே வேறு. மற்றவை ஒற்றைத் தண்டு, ஒற்றைப் பூ. இது இடுப்பளவிலேயே கிளை பிரிந்து, உள்ளங்கை அகலத்தில் ஏழெட்டுப் பூ வைக்கிறது. ஒரு செடியைப் போல இன்னொன்று இல்லை. எட்டயபுரத்துக்கு அந்தப் பக்கம் பேச்சிராஜா என்கிற விவசாயி வரப்போரமாக வைத்திருந்த வகை. போன வருஷம் மக்காச்சோளத்துக்கு மாறிவிட்டார். தகர டப்பாவைக் கவிழ்த்து, மிச்சமிருந்த விதையை என் கையில் கொட்டினார். நாற்பத்திரண்டு. அத்தனையையும் விதைத்துவிட்டேன். பத்தாவது எடுத்து வைத்திருக்கலாம்.

பிப்ரவரி 16

பூவுக்குப் பூ துணிப்பை கட்டுகிறோம். வேறு வரிசை மகரந்தம் வந்து கலக்கக் கூடாது. காலையில் பையைத் திறந்து, அந்தந்த வரிசைக்குள்ளேயே பஞ்சால் மகரந்தத்தைத் தடவி, மறுபடி கட்ட வேண்டும்.

வேலைக்கு அருணாசலவடிவு அக்கா வருகிறாள். பன்னிரண்டு வருஷம் கம்பெனி விதை வயல்களில் இருந்தவள். நான் ஒரு பை கட்டுவதற்குள் அவள் மூன்று கட்டுகிறாள். முப்பத்தொன்றுக்கு வந்ததும் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“இந்தக் கோணக் கழுதைக்குமா பையி, மேடம்?”

“ஆமாக்கா” என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 24

அம்மாவுடன் போனில் பேசினேன். “எந்தப் பூவுக்கு எந்தப் பூ பொருந்தும்னு ராப்பகலா பாக்க. ஒனக்கு ஒரு ஜாதகத்தக் கொண்டாந்தா மட்டும் வலிக்கி, என்னளா?” சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 11, கோயம்புத்தூர்

ஜனவரியில் அனுப்பிய இலைகளின் மரபணு முடிவு வந்துவிட்டது. யார் யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் கிளைப்படம். நாற்பத்தேழும் ஒரே கொத்தாக நெருங்கிக் கிடக்கின்றன. வேறு வேறு ஊர், வேறு வேறு பெயர், எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். முப்பத்தொன்று மட்டும் தனியாக, நீண்ட கோடாக ஓடுகிறது. உப்பைத் தாங்கும் புது ரகம் வேண்டுமென்றால் மற்றவற்றோடு கலக்க வேண்டிய செடி இதுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. இப்படி ஒரு சந்தோஷத்தைச் சொன்னால் குறைந்துவிடும் என்று தோன்றுகிறது. இங்கே எழுதியாயிற்று. போதும்.

வடிவக்காவிடம் போனில் பதினாலாம் தேதி அதிகாரிகள் வயல் பார்க்க வருவதை மட்டும் சொன்னேன்.

மார்ச் 13

முப்பத்தொன்று இல்லை.

மார்ச் 13, மாலை

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வயலுக்குப் போனேன். முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் வெறும் மண். வடிவக்கா நேற்றுத்தான் பிடுங்கினாளாம். முகம் நிறையப் பெருமை.

“நாளைக்கு ஆபீசருங்க வாராவன்னு சொன்னியள்லா. ஒரு கலவன் கண்ணுல பட்டாலும் வயலையே தள்ளிருவாவ. மூணு வயலு அப்படிப் போயி நான் பாத்திருக்கேன். உங்க படிப்பு கெட்டிரக் கூடாதுன்னு ஒத்தையா நின்னு பிடுங்குனேன் மேடம். பையி ஒண்ணுகூடக் கிழியல. துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன்.”

விதை வயலில் இனம் மாறி நிற்கும் செடிக்குக் கலவன் என்று பெயர். அதைப் பிடுங்குவதுதான் அந்த வேலையின் ஒழுங்கு. அவள் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறாள்.

“கேட்டிருக்கலாம்லா? ஒரே ஒரு போனு!” என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. கேட்டிருக்கலாம்தான். நீ சொன்னியா? இந்த நோட்டுல பக்கம் பக்கமா எழுதினியே, அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? பை கட்டின கை அவ கை.

மோட்டார் ரூமுக்குப் பின்னால் குவியலை ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இருவரும் ஓடினோம். ஒற்றைப் பூத்தலையோடு ஐந்து கிளைத் தண்டு மிஞ்சியது. விதை முற்ற இன்னும் ஒரு வாரமாவது வேண்டியிருந்தது. தண்டோடு நிழலில் தொங்கவிட்டிருக்கிறேன்.

மார்ச் 14

வந்தவர்கள், வயல் ஒரே சீராக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

என் ஆய்வு வழிகாட்டி தேசிக் சாரிடம் உள்ளதைச் சொன்னேன். “மரபணுத் தரவு கையில் இருக்கே, தீசிஸுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த அம்மாவை மாத்திடு” என்றார். தரவு இருக்கிறது. ஆள் போன பிறகு கையில் இருக்கும் ஆதார் அட்டை மாதிரி.

மாத்த மாட்டேன் என்றேன். அவரிடம் நான் முடியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

மார்ச் 17

வடிவக்கா மூன்று நாளாக வரவில்லை. வீட்டுக்குப் போனேன். கிளைப்படத்தை அவள் முன்னால் விரித்து வைத்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “இந்த நாப்பத்தேழும் சொக்காரங்கக்கா, பங்காளிங்க. ஒரே ரத்தம். தங்களுக்குள்ளயே கட்டிக்கிட்டா புதுசா என்ன பிறக்கும்?” என்றேன்.

அவள் விரல் தனிக்கோட்டில் போய் நின்றது. “அப்பம் இதுதான் அசலா? வெளிவீட்டு ரத்தமா?”

தலையாட்டினேன். படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, “மொதல்லயே சொல்லியிருந்தா அந்த வரிசைக்குக் காவலு படுத்திருப்பேனே, பாவி” என்றாள். யாரைப் பாவி என்றாள் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 4

ஐந்து தலையிலும் சேர்த்து இருநூற்றுப் பதினாலு விதை. வடிவக்கா ஒவ்வொன்றையும் நகத்தால் அழுத்திப் பார்த்தாள். “பொக்கு. பொக்கு. இதுவும் பொக்கு.” பருப்பு வைத்தது ஒன்பது. ஐந்தைக் குளிர்பெட்டியில் வைத்தேன். நாலை அவளிடம் கொடுத்தேன். புது விதை உடனே முளைக்காது. ஒன்றரை மாதம் பொறுக்க வேண்டும். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்தேன்.

மே 29

காலை ஆறரைக்கு வடிவக்காவின் போன். “ஏளா பிரியா! ரெண்டு முளைச்சிருக்கு!”

பேச்சில் மேடத்தைக் காணோம்.

ஜூலை 20

இரண்டும் வயலில், மறுபடி விதைத்த மற்ற வரிசைகளுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. அதே உப்புத் தண்ணீர்தான், இலை கருகவில்லை. இடுப்பளவில் கிளை பிரிந்து, ஆளுக்கொரு விதமாகக் கோணிக்கொண்டு பூத்துவிட்டன. ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் தடவினோம்.

மோட்டார் போட வந்த வடிவக்காவின் கொழுந்தன் அய்யாக்குட்டி, “என்ன மைனி, கலவன விட்டு வச்சிருக்கிய?” என்று பிடுங்கக் குனிந்தான்.

“ஏலே, கைய எடு! அது அசலு. அங்கன நிக்கதெல்லாம் சொக்காரப் பய. இது இல்லன்னா அவனுவளுக்குப் பொண்ணு எங்கலே எடுக்க?” அங்கேயே அவனை நிறுத்தி வைத்து, உப்பு, மகரந்தம், பேச்சிராஜாவின் தகர டப்பா வரை ஒன்று விடாமல் சொன்னாள். டப்பாவில் இருந்த விதை நாற்பத்திரண்டு என்பதைக்கூட மறக்கவில்லை.

நான் பையைக் கட்டி முடித்தேன்.