பக்கத்து சீட்

தம்பி,

நீ நைட் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் நான் டிப்போவுக்குக் கிளம்பியாக வேண்டும். அடுப்பில் சூப் இருக்கிறது, சூடாக்கிக் குடி.

காலையில் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் மாடி வீட்டுப் பல் டாக்டர், கையில் உன் ஃபுட்பால் சீசன் கார்டு, வருஷம் முழுக்க என் பக்கத்து சீட்டுக்கானது! "தம்பி இந்த வருஷம் வரலையாம், எனக்குக் குடுத்துட்டார். உங்க டீம் தோக்கறத உங்க பக்கத்துலயே உக்காந்து பாக்கலாமே" என்று சிரிக்கிறார். போயும் போயும் எதிரி டீம்காரரிடமாடா கொடுப்பாய்?

"நீ கப்பு கப்புன்னு கத்தித்தான் வருஷா வருஷம் தோக்கறோம்" என்று நேற்று சொன்னேன்தான். நான் திட்டுவதும், நீ அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் நம் டீம் ஜெயிக்கும் என்று நம்புவதும் நம் வீட்டு வழக்கம்தானே? இந்தத் தடவை மட்டும் ஏன் மனதில் வாங்கிக்கொண்டாய்?

அடுத்து நடந்ததுதான் பேரதிர்ச்சி. "புது கோல்கீப்பர் வந்திருக்கான், கேப்டன் முழங்கால் சரியாயிடுச்சு, இந்த வருஷம் கப்பு எங்களுக்குத்தான்!" என்று டாக்டரிடம் பொரிந்து தள்ளியது என் வாய். அத்தனையும் உன் வசனம்! கார்டையும் பிடுங்கிக்கொண்டேன். நாளைக்கு என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போகிறவர் அவர்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

கார்டு உப்பு ஜாடிக்கு அடியில் இருக்கிறது. சனிக்கிழமை முதல் மேட்ச். என் பக்கத்தில் நீதான் உட்காருகிறாய். நான் திட்டுகிறேன், நீ நம்பு.

அக்கா

தூங்கும்முன் பால்கனிக் கதவைச் சாத்து, மழை வரும் போலிருக்கிறது.

இன்னொன்று. அந்த கோல்கீப்பர் நிஜமாகவே தேறுவானாடா?